மின்கணக்கு அட்டை முதல் ஆதார் வரை: வசதியும் தனியுரிமையும்

திருச்சி மன்னார்புரத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்

தனியுரிமை என்பது, தம்மைப் பற்றிய செய்தி யாரிடம், எவ்வளவு, எந்தக் காரியத்துக்காகப் போய்ச் சேரலாம் என்பதைத் தாமே முடிவுசெய்ய ஒருவருக்குள்ள உரிமையாகும். வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை அதன் பழைய வடிவம். கைப்பேசியிலும் நிறுவனக் கணினியிலும் அரசு ஏடுகளிலும் சேர்ந்துகொண்டே போகும் தரவு, அதாவது ஒருவருடைய பெயர், எண், இருப்பிடம், செலவு, உடல்நிலை ஆகியவற்றைக் கணினி படிக்கும் வடிவில் பதிந்துவைத்த குறிப்புகள், அதன் புதிய களம். இக்களத்தில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு. வசதி வேண்டுமென்றால் தனியுரிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்றும், விருப்பமில்லாதவர் வசதியைத் துறந்துவிடட்டும் என்றும், மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயம் எதற்கு என்றும் அவ்வாதம் பேசும். கடைக்காரரும் வாங்குபவரும் விலை பேசி முடிக்கும் வியாபாரம் போன்றது இது என்ற எண்ணமே அதன் அடிப்படை. ஆனால் எவ்வளவு தரவு திரட்டப்படுகிறது என்பது பெரும்பாலும் பயன்படுத்துபவர் பேசி முடிக்கும் விலை அன்று. அமைப்பை வடிவமைத்தவர் முன்கூட்டியே எடுத்துவிட்ட முடிவு. ஆகவே குடிமக்களை நோக்கி ‘எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள்’ என்று கேட்பதைவிட, வடிவமைத்தவரை நோக்கி ‘இந்தக் காரியத்துக்கு இவ்வளவு தேவையா’ என்று கேட்பதே முறை என்பதை நிறுவுவது இவ்வுரையின் நோக்கம். அதற்கான சான்றைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. மன்னார்புரத்து மின்வாரிய அலுவலகத்துக்குக் கட்டணம் கட்டவோ குறை சொல்லவோ வந்துபோகும் ஒவ்வொருவர் வீட்டிலும் அது இருக்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளில் மின்மானிப் பெட்டியின் அருகே வைத்திருக்கும் மின்கணக்கு அட்டை எளிமையான ஓர் ஏடு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கீட்டாளர், மானி காட்டும் எண்ணையும், சென்ற கணக்கீட்டிலிருந்து செலவான யூனிட்டையும், கட்ட வேண்டிய தொகையையும் ஒரு வரியில் எழுதிக் கையொப்பம் இட்டுப் போவது நெடுங்கால வழக்கம். 2016 முதல் எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், கணக்கீட்டு நாள் குடும்பங்களுக்கு நன்றாக நினைவில் நிற்கும் நாளாகவும் ஆயிற்று. ஓர் ஆண்டில் அந்த அட்டையில் ஏறுவது ஆறு வரிகள் மட்டுமே. அந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எப்போது உறங்குகிறார்கள், எந்த வாரம் வெளியூர் போனார்கள் என்பவை அந்த ஆறு வரிகளில் தெரியவரா. கட்டணம் போடுவதற்கு அவை தேவையும் இல்லை. காரியத்துக்கு வேண்டிய அளவே செய்தி திரட்டும் ஏடு எப்படி இருக்கும் என்பதற்கு, எவரும் அதைத் தனியுரிமை என்ற பெயரில் திட்டமிடாதபோதும், இந்த அட்டை நல்ல எடுத்துக்காட்டு.

2022 அக்டோபரில் வெளியான அரசாணையைத் தொடர்ந்து, மின் இணைப்பு எண்ணுடன் ஆதார் எண்ணை இணைக்கும் பணி அவ்வாண்டு நவம்பரில் தொடங்கியது. ஆதார் என்பது பத்து விரல்ரேகைகளையும் இரு கருவிழிப் படங்களையும் முகப்படத்தையும் அடிப்படையாகக் கொண்டு இந்தியத் தனித்துவ அடையாள ஆணையம் வழங்கும் 12 இலக்க எண்ணாகும். நவம்பர் 28 முதல் மின்வாரியப் பிரிவு அலுவலகங்களில் சிறப்பு முகாம்கள் நடந்தன. டிசம்பர் 31 என்று அறிவிக்கப்பட்ட கடைசி நாள் பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2023 பிப்ரவரி இறுதிவரை சென்றது. மானியம் யாருக்குப் போகிறது என்பதைச் சீராக அறிவதே நோக்கம் என்று அரசு தரப்பில் சொல்லப்பட்டது. 100 யூனிட் சலுகை பறிபோகுமோ என்ற அச்சம் பரவியபோது, போகாது என்று அரசு உறுதி கூறியது. இணைப்பை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வாடகை வீடுகளில் வீட்டு உரிமையாளர் பெயரிலுள்ள இணைப்பில் குடியிருப்பவர் எண்ணைச் சேர்ப்பதா என்ற குழப்பம் முகாம்களில் பெரும் பேச்சாக இருந்தது. எனினும் அடிப்படையில் மாறியது வேறொன்று: அதுவரை சுவரிலுள்ள மானியைப் பற்றிய எண்ணாக இருந்தது, அன்றுமுதல் ஒரு மனிதரைப் பற்றிய எண்ணாயிற்று.

ஒரு காரியத்துக்காகத் திரட்டிய தரவை இன்னொரு காரியத்துக்குப் பயன்படுத்துவதை நோக்க விரிவு எனலாம். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் குடும்பம் மாதம் 1,000 ரூபாய் பெறத் தகுதியற்றது என்பது தொடக்க விதிகளில் ஒன்றாக இருந்தது. கட்டணம் போடுவதற்காகப் பிறந்த யூனிட் கணக்கு, இவ்விதியின் வழியே, ஒரு குடும்பம் வசதியுள்ளதா இல்லையா என்று கணிக்கும் அளவுகோலாகவும் ஆயிற்று. இதைத் தவறு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. பொதுப் பணம் தேவையுள்ளோருக்குப் போக வேண்டும் என்பது நியாயமான நோக்கம். விதியும் ஒளிவுமறைவின்றி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. ஆனால் கூட்டுக்குடும்பமாக ஒரே மானியில் வாழ்பவர்களுக்கும், வீட்டிலேயே தையல் எந்திரம் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கும், மின்செலவு செல்வத்தின் அடையாளம் அன்று. ஒரு தரவு பிறந்த இடத்தில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். இடம்பெயர்ந்த பிறகு அதற்குப் பொருள் சொல்பவர் வேறொருவர், அதனால் பாதிக்கப்படுபவரோ பழைய ஆளே.

அடுத்த படி, அளவை நேரடியாக அலுவலகத்துக்கு அனுப்பும் திறன்மானி. தமிழில் பலரும் ஸ்மார்ட் மீட்டர் என்றே சொல்லும் இக்கருவி சென்னை தியாகராய நகரில் முன்னோடியாகப் பொருத்தப்பட்டது. நாடு முழுவதும் 25 கோடி மானிகள் என்பது ஒன்றிய அரசின் இலக்கு. இதனால் வரும் வசதி கற்பனை அன்று. இரண்டு மாதக் கணக்கீட்டில் யூனிட் சேர்ந்து உயர்ந்த கட்டணப் படிக்குப் போய்விடுகிறது என்ற குறை நெடுநாளையது. மாதந்தோறும் கணக்கெடுக்கும் முறை 2021 தேர்தலில் வாக்குறுதியாகவே அளிக்கப்பட்டது. திறன்மானி வந்தால்தான் அது கைகூடும் என்று அரசு தரப்பில் விளக்கப்பட்டது. ஆனால் இத்தகைய மானி அரைமணிக்கு ஓர் அளவைப் பதியக்கூடியது. ஒரு நாளைக்கு 48 என்றால் ஆண்டுக்கு 17,520 அளவுகள். விடியலில் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரமும், வீட்டார் எல்லோரும் வேலைக்குப் போய்விட்ட பகலும், நோயாளி ஒருவர் இருப்பதால் இரவெல்லாம் விளக்கெரியும் வாரமும், பூட்டிக் கிடக்கும் விடுமுறை நாட்களும் அந்தத் தொடரில் கோடுகளாக எழுந்து நிற்கும். அட்டையின் ஆறு வரிகள் சொல்லாத வீட்டுக் கதையை இந்த 17,520 அளவுகள் சொல்லும். திருடன் முதல் விளம்பரதாரர் வரை அதைப் படிக்க விரும்புவோர் உண்டு.

இங்கேதான் வசதிக்கும் தனியுரிமைக்கும் இடையிலான கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மாதக் கட்டணம் என்ற வசதிக்கு ஆண்டுக்குத் தேவைப்படுவது 12 அளவுகள். பகல், மாலை உச்சநேரம், இரவு என்று வெவ்வேறு விலை வைக்கும் முறை வந்தால்கூட, மூன்று நேரப்பிரிவுகளின் கூட்டுத்தொகையை மானியே உள்ளுக்குள் கூட்டி வைத்து மாதம் ஒருமுறை அனுப்பினால் 36 அளவுகள் போதும். ஓர் ஊரின் மின் தேவையை முன்கூட்டிக் கணிக்க, மின்மாற்றியின் மொத்த அளவு பெரிதும் உதவும். தனி வீட்டின் அரைமணி அளவை அலுவலகத்தில் பெயரோடு சேர்த்துவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மீதி பதினேழாயிரத்துச் சொச்சமும் ‘கிடைக்கிறதே, இருக்கட்டும்’ என்று எடுத்து வைக்கப்படுபவை. நெதர்லாந்தில் இதே கேள்வி எழுந்தபோது, திறன்மானியைக் கட்டாயமாக்கும் சட்ட வரைவைத் தனியுரிமைக் காரணத்தால் 2009இல் நாடாளுமன்ற மேலவை ஏற்கவில்லை. பின்னர் திருத்திய முறையில், மானியை மறுக்கவும், மானி இருந்தும் அளவு அனுப்பாமல் நிறுத்திவைக்கவும் குடியிருப்போருக்கு உரிமை வழங்கப்பட்டது. அதனால் அங்கு விளக்கு அணைந்துவிடவில்லை. வசதி முழுவதையும் பெற்று, தரவில் பெரும்பகுதியைக் கொடுக்காமலிருக்க வழி உண்டு என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

மின்கணக்கைவிட ஆழமான வரலாறு விரல்ரேகைக்குத் தமிழகத்தில் உண்டு. வங்காளத்தில் 1858இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒப்பந்தத்தில் கைரேகை பதிய வைத்ததிலிருந்து தொடங்கிய இந்த ஆட்சிக் கருவி, குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்தபோது முழுச் சாதியாரையும் பிறப்பாலேயே ஐயத்துக்குரியோராக்கிப் பதிவு செய்யும் கருவியாயிற்று. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை பதிய மறுத்துத் திரண்ட பிரமலைக் கள்ளர்கள்மீது காவல்துறை சுட்டதில் 16 பேர் உயிரிழந்தனர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மடியில் கனமில்லாதவருக்குப் பயமில்லை என்ற வாதத்துக்கு இந்த வரலாறே மறுமொழி: பெருங்காமநல்லூரில் பயத்தை உண்டாக்கியது மக்கள் மடியிலிருந்த எதுவும் அன்று, பதிவேடு யார் கையில் இருந்தது, எதற்காக இருந்தது என்பதே.

அதே விரல் இன்று நியாயவிலைக் கடையில் பதிகிறது. 2017இல் தாள் குடும்ப அட்டைக்குப் பதில் ஸ்மார்ட் கார்டு வந்தது. ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது விரல்ரேகை சரிபார்ப்பும் சேர்ந்தது. விற்பனையாளர் அட்டையின் சதுரக் குறியீட்டைக் கருவியில் காட்டினால் குடும்ப உறுப்பினர் பெயர்கள் திரையில் வரும். வந்திருப்பவர் பெயரைத் தொட்டு, விரலை வைக்கச் சொல்வார். ரேகை அடையாள ஆணையத்தின் கணினிக்குச் சென்று, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்ற ஒரே விடையோடு திரும்பும். அரிசியும் பருப்பும் எடை போட்டு முடிவதற்குள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடும். வாங்காத சர்க்கரையை வாங்கியதாக எழுதிவைக்கும் பழைய தில்லுமுல்லுக்கு அந்தக் குறுஞ்செய்தி பெரிய தடை. கேட்ட கேள்விக்கு ‘ஆம், இல்லை’ என்று மட்டும் விடை சொல்லி, ரேகையைக் கடையில் விட்டுவைக்காத அந்த ஏற்பாடும் நல்ல வடிவமைப்பே. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. களை பறித்தும் செங்கல் சுமந்தும் தேய்ந்த விரல்களையும் முதுமையில் மழுங்கிய ரேகைகளையும் கருவி பலமுறை ஏற்பதில்லை. அப்போது வரிசையில் நிற்பவருக்குப் பேரம் பேசும் நிலை ஏது? கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணும், முதியோர் தமக்குப் பதில் ஒருவரை எழுதிக் கொடுக்கும் படிவமும் மாற்று வழிகளாக அமைந்ததால்தான் அந்த அமைப்பு மனிதத்தன்மையோடு ஓடுகிறது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம், 70 வயதைக் கடந்தோரும் மாற்றுத்திறனாளிகளுமாக 21 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டுக்கே பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்க வகை செய்தது. வசதி என்பது பயனாளியிடமிருந்து இன்னொரு தரவைக் கறப்பதால் மட்டுமே வருவதன்று, அமைப்பு தானே சில அடிகள் நடந்து போவதாலும் வரும் என்பதற்கு இத்திட்டம் சான்று.

திரண்ட தரவு கசியும் என்பதை யாரும் மறுக்க இயலாது. 2021இல் தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 50 இலட்சம் பேரின் ஆதார் எண் உள்ளிட்ட விவரங்கள் இணையத்தில் காணப்பட்டதாக இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அறிவித்தது. 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராம் வழியே கேட்பவர்க்கெல்லாம் கிடைப்பதாகச் செய்தி வெளியாக, நிறுவனம் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த நாளையும் நோயின் பெயரையும் விரல்ரேகையையும் மாற்றிக்கொள்ள வழியில்லை. திரட்டாத தரவு ஒருபோதும் கசியாது என்பதால், குறைவாகத் திரட்டுவதே எல்லாப் பூட்டுகளிலும் வலிய பூட்டு. 2022 மே மாதத்தில் அடையாள ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்ததும், இரண்டு நாளில் அவ்வெச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரும், மாற்றிக்கொள்ளத்தக்க 16 இலக்க மெய்நிகர் எண்ணும் ஏற்கெனவே உள்ளன. ஆனால் விடுதி முதலிய பல இடங்களில் ‘ஆதார் ஜெராக்ஸ் ஒன்று கொடுங்கள்’ என்பதே இன்றும் நடைமுறை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதற்கும் தமிழகம் முக்கியமான களம். ஆட்டோ சங்கர் என்ற கைதி சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைச் சிறை அதிகாரிகள் தடுக்க முயன்ற வழக்கில், தனித்து விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில், பொது ஊழியர் தம் கடமை தொடர்பான செயல்களை அவ்வுரிமையைக் காட்டி மறைக்க முடியாது என்றும் வரையறுத்தது. ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தனர். அரசு அதில் தலையிட வேண்டுமானால் சட்டம் ஒன்று இருக்க வேண்டும், நோக்கம் நியாயமானதாக இருக்க வேண்டும், தலையீடு நோக்கத்துக்குத் தக்க அளவில் இருக்க வேண்டும் என்பன அத்தீர்ப்பு தந்த உரைகற்கள். இவற்றுள் மூன்றாவதைத் தகவளவுக் கோட்பாடு எனலாம். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பு, நலத்திட்டங்களுக்கு ஆதாரை ஏற்று, வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி இணைப்புக்கும் கட்டாயமாக்குவதை நீக்கியது. திருச்சி மாவட்டமும் அடங்கிய, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், 2024 அக்டோபரில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மனைவியின் அழைப்பு விவரங்களை அவர் அறியாமல் எடுத்துக் கணவர் காட்டியதைச் சான்றாக ஏற்க மறுத்து, மணவாழ்விலும் தனியுரிமை உண்டு என்றார். பேச்சு ஒன்றுகூட இல்லாத, யாரோடு எப்போது எவ்வளவு நேரம் என்ற பட்டியல் மட்டுமே அது. மின்மானியின் அரைமணி அளவுகளைப் போல உள்ளடக்கம் இல்லாமலேயே வாழ்க்கையைச் சொல்லிவிடும் பட்டியல். எனினும் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில், துணைவருக்குத் தெரியாமல் பதிந்த உரையாடலை மணமுறிவு வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்றதால், எல்லைக்கோடு இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

2023இல் நாடாளுமன்றம் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவு திரட்டுவோருக்குக் கடமைகளை விதித்து, தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் வகுக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்வதால், தமிழில் கேட்டுப் பெறும் உரிமைக்கு வழி பிறந்திருக்கிறது. அதே வேளையில், மானியம் முதலிய அரசுச் சேவைகளுக்கு ஒப்புதலின்றியே தரவைக் கையாளவும், சில அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கு அளிக்கவும் அது இடம் தருகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுநலன் கருதித் தனிநபர் தகவலைக் கேட்டுப் பெற இருந்த வாயிலையும் குறுக்கிவிட்டது. 1994 தீர்ப்பு குடிமகனுக்குக் கேடயம் என்றும் அதிகாரிக்குக் கேடயமன்று என்றும் வகுத்த பிரிவினை இதனால் மங்குகிறது. தனியார் பக்கத்திலோ வேறு குறை: திருச்சியின் பெரியகடை வீதி போன்ற கடைத்தெருக்களில் பில் போடுமிடத்தில் கைப்பேசி எண் கேட்பது வழக்கமாகிவிட, எண் தர மறுத்தவருக்குப் பொருள் மறுக்கலாகாது என்று ஒன்றிய நுகர்வோர் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியும், கேட்கும் பழக்கம் குறையவில்லை, சட்டை ஒன்று வாங்குவதற்குக் கைப்பேசி எண் எதற்கு என்று திருப்பிக் கேட்கும் பழக்கமும் வளரவில்லை.

இவற்றால் பெறப்படும் முடிவு, வசதியை மறுப்பதன்று. வடிவமைப்பைக் கேள்விக்கு உட்படுத்துவதாகும். திறன்மானி வரும் முன்பே, எத்தனை நேரத்துக்கு ஓர் அளவு அலுவலகத்துக்கு வரும், எத்தனை நாள் வைத்திருப்பர், காவல்துறை முதல் கடன் நிறுவனம் வரை யார் கேட்டால் கொடுப்பர் என்பதை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொது விசாரணை வைத்து எழுதிவைக்கலாம். ஒரு திட்டத்துக்காகத் திரட்டிய தரவை இன்னொரு திட்டத்துக்கு எடுக்கும்போது, அரசாணையில் அதை வெளிப்படையாக அறிவித்து, தவறாகக் கணிக்கப்பட்டவர் முறையிட உள்ளூரிலேயே ஓர் அலுவலரைக் காட்டலாம். ஆதார் நகல் கேட்கும் ஒவ்வோர் அலுவலகமும் மறைப்பு ஆதாரை ஏற்கும்படி ஒரே சுற்றறிக்கையில் செய்துவிடலாம். இவற்றில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பை வேண்டுவதன்று. இருக்கும் கருவியைத் தகவளவில் பயன்படுத்துவதே. எல்லாவற்றுக்கும் மேலாக, விரலையோ எண்ணையோ தர இயலாதவருக்கும் தர விரும்பாதவருக்கும் அதே அரிசி, அதே விலைக்கு, அதே நாளில் கிடைக்கும் மாற்று வழி எழுத்தில் இருக்க வேண்டும். மறுக்க முடிகிறவர் தரும் இசைவுதான் இசைவு, மற்றவரிடமிருந்து பெறப்படுவது வசூல்.